ஒட்டு நகமா, சொந்த நகமா: போடுவதற்கு முன் தொடங்கி கழற்றிய பின் வரை

கல்யாண சீசன் வந்தால் "அக்கா, நகம் எத்தன நாள் நிக்கும்?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. எப்படிக் கழற்றுவது என்று கேட்பவர் அபூர்வம். என் முன்னால் நீட்டப்பட்ட பாழான நகங்களில் பெரும்பாலானவை ஒட்டியதால் பாழானவை இல்லை, பிய்த்து எடுத்ததால் பாழானவை. அதனால் இங்கே வரிசை கொஞ்சம் மாறியிருக்கும். முதலில் உங்கள் கை, அடுத்து கழற்றும் நாள், அதற்கப்புறம்தான் பசையும் ஜெல்லும். ஒட்டுவதைச் சொல்லும் ஆறாம் பகுதிக்கு நேராகத் தாவாதீர்கள். அதற்கு முன் சொன்னதைச் செய்யாத கையில் ஒட்டு நகம் நிற்காது.

1. உங்கள் கை என்ன வேலை செய்கிறது?

நகத்தின் நீளத்தையும் நிறத்தையும் முடிவு செய்வதற்கு முன், ஒரு நாளில் உங்கள் விரல்கள் எதையெல்லாம் தொடுகின்றன என்று யோசியுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவராவது நர்ஸ் இருப்பார், அல்லது நர்சிங் படித்துக்கொண்டிருப்பார். அவர்களுக்குப் பதில் ஒன்றுதான்: வேண்டாம். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பணியில் இருப்பவர்கள் ஒட்டு நகம் எதுவும் போடக் கூடாது, சொந்த நகத்தின் நுனியும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கைச்சுத்த வழிகாட்டி சொல்கிறது. கையை நன்றாகக் கழுவிய பிறகும் ஒட்டு நகத்தில் கிருமி கூடுதலாகத் தங்குவதுதான் காரணம். லீவில் வந்து தங்கச்சி கல்யாணத்துக்குப் போடுவதாக இருந்தால், டியூட்டிக்குத் திரும்பும் முன் முழுசாகக் கழற்றிவிட வேண்டும்.

அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், பருப்பு உடைப்பவர்களுக்கும் நான் போட்டுவிடுவதில்லை. முந்திரித் தோட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நகத்துக்கும் ஒட்டு நகத்துக்கும் நடுவே அது இறங்கினால் கழுவி எடுக்க வழியில்லை. ரப்பர் பால் எடுத்து ஆசிட் விட்டு ஷீட் அடிக்கும் வீட்டிலும் இதே பிரச்சினைதான். தோவாளைப் பக்கம் பிச்சிப்பூ கட்டுகிறவர்களுக்கு வேறு தொல்லை: ஒட்டின் விளிம்பில் நார் மாட்டிக்கொண்டே இருக்கும். தினமும் மீன் வெட்டிக் கழுவுகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கும் நீள நகம் சரிவராது. ஐந்து வேளை தொழுபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும், ஒட்டு நகமும் நெயில் பாலிஷும் அதைத் தடுக்கும்.

அப்புறம் சாப்பாடு. இலையில் பிரதமன் பாயசம் விழும்போது பழத்தையும் பப்படத்தையும் சேர்த்து நொறுக்கிப் பிசைந்துதானே நாம் சாப்பிடுகிறோம்? இரண்டு சென்டிமீட்டர் நகத்தோடு அதைச் செய்து பார்த்தால் தெரியும். பாதிப் பழம் நகத்துக்கு அடியில் இருக்கும். மணப்பெண்ணுக்கு விரல் நுனியிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீட்டினாலே போட்டோவுக்குக் கொள்ளாம்.

என் கணக்கு இப்படி. தினமும் தண்ணீரிலும் அடுக்களையிலும் வேலை என்றால் சொந்த நகமும் பாலிஷும், அல்லது மருதாணி. ஒரு விசேஷத்துக்கு மட்டும் என்றால் பிரஸ் ஆன் நகம், அதாவது பெட்டியில் தயாராக வரும், வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் நகம். ஆபீஸ் வேலை, தண்ணீர்ப் புழக்கம் குறைவு என்றால், நீட்டாமல் சொந்த நகத்தின் மேலேயே, புற ஊதா விளக்கில் காட்டி இறுக வைக்கும் ஜெல் பாலிஷ். அக்ரிலிக் (பொடியும் திரவமும் குழைத்து வைக்கும் பூச்சு) வைத்து நீட்டுவதை முதல்முறை வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதைப் போடவும் கழற்றவும் நல்ல கை வேண்டும்.

2. கழற்றும் நாளைக் காலண்டரில் குறியுங்கள்

போடும் நாளை எல்லாரும் குறிப்பார்கள். கழற்றும் நாளைக் குறிக்காததால், ஏதோ ஒரு ராத்திரி ஒரு மூலை தூக்கிக்கொண்டதும் டிவி பார்த்தபடி பல்லால் கடித்து இழுப்பார்கள்.

இருபுறமும் ஒட்டும் பசைத் துண்டு வைத்த பிரஸ் ஆன் ஒன்று முதல் மூன்று நாள் நிற்கும். நகப்பசை போட்டு ஒட்டினால் ஒரு வாரம் வரை. ஜெல் பாலிஷ் இரண்டு, மூன்று வாரம். கல்யாணமும் மறுவீட்டு விருந்தும் மட்டும்தான் என்றால் பசைத் துண்டே போதும், விருந்து முடிந்த மறுநாள் கழற்றிவிடலாம். அன்றைக்கு ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத நேரமாக ஒதுக்குங்கள். அவசரத்தில் கழற்றக் கூடாது.

இடையில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், பிரசவ தேதி ஏதாவது இருந்தால் அதற்கு முன்னாலேயே கழற்ற வேண்டும். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி ஒளியை நகத்தின் வழியாகச் செலுத்துகிறது. அடர்ந்த பாலிஷோ ஒட்டு நகமோ இருந்தால் அளவு தப்பாகக் காட்டலாம். நீள நகத்தோடு ரேஷன் கடைக்குப் போனால் கைரேகை வைக்க விரல் தட்டையாகப் பதியாது என்பது தனிக் கதை.

3. நகத்தைப் பகல் வெளிச்சத்தில் பரிசோதியுங்கள்

பழைய பாலிஷை எடுத்துவிட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பத்து விரலையும் பாருங்கள்.

நகம் சதையை விட்டு மேலெழுந்து வெள்ளையாகத் தெரிகிறதா? ஓரச் சதை சிவந்து வலிக்கிறதா, அதாவது நகச்சுத்தியா? மஞ்சளாகத் தடித்து, உடைந்தால் மாவாக உதிர்கிறதா? ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள் இருக்கின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும் அதன் மேல் எதையும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் நோய் மறைந்திருக்கும், உள்ளே நிற்கும் ஈரத்தில் இன்னும் வளரும். முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் கால்சியம் குறைவு என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது நகத்தின் வேரில் எப்போதோ பட்ட சின்ன அடி, நகம் வளர்ந்ததும் போய்விடும். குறுக்கே பள்ளமாக ஒரு கோடு எல்லா நகத்திலும் ஒரே மாதிரி ஓடினால், சில மாதம் முன்பு கடுமையான காய்ச்சல் வந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கோடும் வளர்ந்து வெளியே போகும். அதுவரை அந்த இடம் பலவீனம், நீட்ட வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கியூட்டிகிளை (நகம் தொடங்கும் இடத்து மெல்லிய தோலை) வெட்டவோ, நகம் ராவும் டிரில் மெஷினை வைக்கவோ யாரையும் விடக் கூடாது. சின்னக் காயமும் ஆற நாளாகும். முகப்பருவுக்கோ எலிக்காய்ச்சலுக்கோ டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஜெல் விளக்கைத் தள்ளிப்போடுங்கள். அந்த மருந்து உடலில் இருக்கும்போது புற ஊதா ஒளி பட்டால் நகம் சதையை விட்டுப் பிரிய வாய்ப்புண்டு.

4. நான்கு வாரம் சொந்த நகத்தைத் தயார்செய்யுங்கள்

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளரும். நான்கு வாரம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், உடைந்து பிளந்த நுனி போய்ப் புது நுனி வந்துவிடும். ஒட்டு நகம் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு இந்தப் பகுதியே முழு வழிகாட்டி. இதை நிறுத்தாமல் தொடர்ந்தால் போதும்.

வெட்டுவது: குளித்து முடித்து, நகம் கொஞ்சம் காய்ந்த பிறகு வெட்டுங்கள். ஒரே கடியில் வெட்டாமல் ஓரத்தில் தொடங்கி சின்னச் சின்னக் கடியாக. நகவெட்டி மழுங்கியிருந்தால் அது வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில் நகம் அடுக்கடுக்காகப் பிரியும்.

ராவுவது (ஃபைலால் தேய்ப்பது): காய்ந்த நகத்தில்தான் ராவ வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒரே திசையில். முன்னும் பின்னும் இழுத்தால் நுனியின் அடுக்குகள் கிழியும். நகவெட்டியோடு வரும் இரும்பு அரம் சொரசொரப்பு அதிகம், கண்ணாடி ஃபைல் நல்லது. இரண்டு ஓரத்தையும் உள்ளே வரை குடையாதீர்கள். நகத்தைத் தாங்கிப் பிடிப்பதே அந்த ஓரங்கள்.

கியூட்டிகிள்: நகம் தொடங்கும் இடத்தில் இருக்கும் அந்த மெல்லிய தோல், தண்ணீரும் கிருமியும் வேருக்குள் போகாமல் அடைத்து வைக்கிறது. வெட்ட வேண்டாம். குளித்த பிறகு ஈரத்துண்டால் மெதுவாகப் பின்னால் தள்ளினால் போதும். புதிதாக பியூட்டிஷியன் வேலை படிக்க வரும் பிள்ளைகள் இதை வெட்டுவதில்தான் திறமையைக் காட்டப் பார்ப்பார்கள். அடுத்த வாரம் நகச்சுத்தியோடு ஆள் வந்து நிற்பார்.

எண்ணெய்: ராத்திரி படுக்கும் முன் ஒவ்வொரு நகமும் தொடங்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், ஒரு நிமிஷம் தேய்ப்பு. வீட்டுத் தேங்காயை ஆட்டி எடுத்த எண்ணெய் இருக்கும்போது விலை கூடிய கியூட்டிகிள் ஆயில் வாங்க வேண்டியதில்லை. நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்ததும் சுருங்கும். பாத்திரம், துணி, மீன் என்று நாளெல்லாம் இப்படி உப்பிச் சுருங்கியே நுனி பிளக்கிறது. எண்ணெய் அந்தப் போக்குவரத்தைக் குறைக்கும்.

கையுறை: பாத்திரம் துலக்கும்போது ரப்பர் கையுறை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. ரப்பர் மட்டும் போட்டால் வியர்த்து நனைந்துவிடும். நம் ஊரில் ஜூனிலும் ஒரு மழை, அக்டோபரிலும் ஒரு மழை. காற்றில் ஈரம் இருக்கும் மாதங்களில் கையுறையைத் திருப்பிப் போட்டுக் காய வையுங்கள், இல்லாவிட்டால் அதுவே பூஞ்சை பிடிக்கும்.

தவிர்க்க வேண்டியவை: மஞ்சள் கறை போக டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது நகத்தைத் தேய்த்து மெலிதாக்கும். மீன் நாற்றம் போக எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தால் நன்றாகக் கழுவிவிட்டு எண்ணெய் தொடுங்கள். அப்படியே விட்டால் வறண்டுபோகும். ஃபார்மால்டிஹைடு கலந்த நகம் கெட்டியாக்கும் திரவம் முதலில் பலன் தருவதுபோல் இருக்கும், தொடர்ந்து போட்டால் நகம் மொறுமொறுவென்று உடையும். பயோட்டின் மாத்திரையை விளம்பரம் பார்த்து வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது தைராய்டு பரிசோதனை முதல் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனை வரை முடிவைத் தப்பாகக் காட்ட வைக்கும்.

5. வாங்கி வைக்க வேண்டியவை

பிரஸ் ஆன் நகப் பெட்டி, பசைத் துண்டு அல்லது நகத்துக்கென்றே விற்கும் பசை, கண்ணாடி ஃபைல், நகத்தின் மேற்பரப்பைத் தேய்க்கும் மிருதுவான பஃபர், மரக்குச்சி, பஞ்சு, கைதுடைக்கும் ஆல்கஹால், சுத்த அசிட்டோன், அலுமினிய ஃபாயில், எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம்.

அசிட்டோனையும் ஃபாயிலையும் நகத்தோடு சேர்த்தே வாங்குங்கள். கழற்றும் சாமான் வீட்டில் இல்லாததே பிய்ப்பதற்கு முதல் காரணம். "அசிட்டோன் இல்லாதது" என்று போட்டிருக்கும் ரிமூவர் சாதாரண பாலிஷை எடுக்கும், ஜெல்லை அசைக்காது. பிளாஸ்டிக் கிண்ணமும் வேண்டாம், சிலவகை பிளாஸ்டிக் அசிட்டோனில் இளகிவிடும்.

உடைந்த செருப்பு, பொம்மை ஒட்டும் குயிக் பசையை நகத்துக்குப் போடாதீர்கள். அது விரலில் போடுவதற்குச் செய்த சரக்கு இல்லை, காய்ந்தால் கழற்றுவது பெரும்பாடு. நகப்பசையும் அதே வகை இரசாயனம்தான் என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். பருத்தித் துணியிலோ பஞ்சிலோ இந்தப் பசை கொட்டினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுடும். மடியில் நைட்டித் துணிமேல் வைத்து ஒட்டாதீர்கள், மேஜைமேல் வையுங்கள்.

6. பிரஸ் ஆன் ஒட்டும் வரிசை

மருதாணி இடுவதாக இருந்தால் அதுதான் முதலில். மருதாணியைச் சுரண்டி எடுத்து எண்ணெய் தடவி ஒரு நாள் போன பிறகு நகம். முதலில் நகம் ஒட்டி அப்புறம் மருதாணி இட்டால், விழுது விளிம்புக்குள் புகும், எண்ணெய் பசையை விடுவிக்கும். கறுப்பு மருதாணிக் கூம்பைத் தொடவே தொடாதீர்கள். அதில் கலக்கும் தலைமுடிச் சாய இரசாயனம் கொப்புளம் போட வைக்கும்.

முதலில் பத்து விரலுக்கும் அளவு எடுத்து வரிசையாக மேஜையில் அடுக்குங்கள். ஒட்டு நகம் ஓரத்திலிருந்து ஓரம் வரை மூட வேண்டும், சதைமேல் ஏறக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுத்து ஓரத்தை ராவிச் சின்னதாக்குங்கள். சின்னதை வைத்தால் அழுத்தும்போது விரியும், அந்த இழுப்பிலேயே கழன்றுவிடும். சதைமேல் ஏறினால் இரண்டே நாளில் தூக்கும், உள்ளே தண்ணீர் போகும்.

நகத்தின் பளபளப்பை பஃபரால் லேசாக, இரண்டே இழுப்பில் மங்கச் செய்யுங்கள். நகம் அரை மில்லிமீட்டர் தடிமன்தான், தேய்த்துத் தேய்த்து அதையும் கரைக்க வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, பத்து நிமிஷம் காய விட்டு, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நான்கு வாரமாகப் போட்ட எண்ணெயை அன்று காலையில் மட்டும் போடக் கூடாது. புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். மேக்கப்புக்கு முன் கைக்கு லோஷன் தடவிவிட்டு, "பசை சரியில்ல" என்பார்கள்.

இப்போது ஒட்டுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்கையில் தொடங்கலாம். இரண்டு பெருவிரலையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எட்டையும் பிடித்து அழுத்த அவை வேண்டும். ஒட்டு நகத்தைச் சாய்த்து, அடி விளிம்பை கியூட்டிகிளுக்கு ஒரு நூல் தள்ளி வைத்து, அங்கிருந்து நுனி நோக்கிப் படிய வையுங்கள். தட்டையாக மேலிருந்து வைத்தால் நடுவில் காற்று மாட்டும். காற்று நின்ற இடத்தில்தான் பிற்பாடு தண்ணீர் நிற்கும். அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பசை வழிந்தால் உடனே மரக்குச்சியால் எடுங்கள்.

ஒட்டிய பிறகு இரண்டு மணி நேரம் தண்ணீர் வேண்டாம். எனவே குளித்து முடித்த பிறகு ஒட்டுங்கள். கல்யாணப் பெண்ணுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒட்டுவது நல்லது. அதிகாலை மூன்று மணிக்கு மேக்கப் பரபரப்பில் ஒட்டியது தாலி கட்டும் நேரத்தில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் மிச்சமிருக்கும் நகங்களையும் பசையையும் தோழியின் கைப்பையில் கொடுத்து வையுங்கள்.

7. பார்லரில் ஜெல் அல்லது அக்ரிலிக் போடும்போது பார்க்க வேண்டியவை

இங்கே வேலை அவர்களுடையது, கண் உங்களுடையது.

ஃபைல், பஃபர், மரக்குச்சி மூன்றையும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். இரும்புக் கருவியை அடுத்த ஆளுக்கு எடுக்கும் முன் கழுவி, கிருமிநாசினியில் போட்டு எடுக்கிறார்களா என்று பாருங்கள். துணியால் துடைத்துவிட்டு வந்தால் எழுந்து வாருங்கள்.

சொந்த நகத்தின்மேல் டிரில் ஓட விடாதீர்கள். சூடு தெரிந்தாலே கையை இழுத்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. டிரில் ஒரே இடத்தில் நின்றால் சிவப்பாக ஒரு வளையம் விழும். அந்த இடம் வளர்ந்து வெளியே போகும்வரை கூசும்.

ஜெல் தோலில் படக் கூடாது. பட்டால் விளக்கில் கை வைப்பதற்கு முன்னாலேயே துடைக்கச் சொல்லுங்கள். இறுகாத ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் வகை இரசாயனங்கள் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை பிடிக்கும். விரல் நுனி வெடிக்கும், கண் இமை வீங்கிச் சொறியும். ஒருமுறை பிடித்தால் வாழ்நாளுக்கும் விடாது. பல் அடைக்கும் பொருளிலும் இதே குடும்ப இரசாயனம் இருப்பதால் பின்னாளில் பல் டாக்டரிடமும் சொல்ல வேண்டிவரும். ஐரோப்பிய நாடுகள் ஹெமா என்ற பொருளுள்ள ஜெல்லைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியிருக்கின்றன. 2025 செப்டம்பர் முதல் டிபிஓ என்ற பொருளை நக ஜெல்லில் தடையே செய்துவிட்டன. ஆன்லைனில் விளக்கோடு சேர்த்து மலிவாக வரும் கிட்டை வாங்கி வீட்டிலேயே போட வேண்டாம் என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொள்வது இதனால்தான். விளக்கும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் மேலே காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் பச்சையாகவே நிற்கும்.

விளக்கில் நான்கு விரல் ஒருமுறை, பெருவிரல் தனியாக ஒருமுறை. ஐந்தையும் சேர்த்து வைத்தால் பெருவிரல் சாய்ந்திருப்பதால் ஒளி சரியாகப் படாது. புற ஊதா ஒளி என்பதால் கைக்கு சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளலாம். நகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் நுனி மட்டும் திறந்த கையுறை அதைவிட வசதி.

அக்ரிலிக் என்றால் திரவம் எது என்று கேளுங்கள். எத்தில் மெத்தாக்ரிலேட் என்பதுதான் நகத்துக்கானது. விலை குறைவு என்று மெத்தில் மெத்தாக்ரிலேட் வைத்திருப்பவர்கள் உண்டு. நெடி மூக்கைத் துளைக்கும், இறுகினால் கல்லாகும், அசிட்டோனில் லேசில் இளகாது. எங்காவது இடித்தால் ஒட்டு உடையாமல் சொந்த நகம் வேரோடு வரும்.

8. போட்டிருக்கும் நாட்களில்

டின் மூடி, பிஸ்கட் பாக்கெட், சுவிட்ச் எதையும் நக நுனியால் நெம்பாதீர்கள். ஒட்டு நகம் நீளமாக இருக்க இருக்க நுனியில் கொடுக்கும் விசை அடியில் பெருகும். அந்த விசை முழுவதையும் வாங்குவது உங்கள் நகமும் அதன் அடிச் சதையும்தான். தேங்காய் துருவுவதை வேறு யாரிடமாவது விடுங்கள்.

ஒரு மூலை தூக்கினால் பசை விட்டு மூடக் கூடாது. உள்ளே போன ஈரத்தை நீங்களே சீல் வைப்பதாகிவிடும். சில நாளில் பச்சை நிறம் தெரியும். அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, அழுக்கில்லை. தூக்கிய நகத்தை முழுசாகக் கழற்றி, காய வைத்து, பச்சை இல்லை என்று உறுதியான பிறகே வேறு ஒட்டலாம்.

9. கழற்றுவது

பிய்த்த ஒட்டு நகம் ஒன்றைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக ஏதோ ஒட்டியிருக்கும். அது உங்கள் நகத்தின் மேலடுக்கு. ஒரு இழுப்பில் போனது திரும்ப வர மாதக்கணக்கில் ஆகும்.

பசைத் துண்டு வைத்து ஒட்டியது என்றால் வேலை சுலபம். விளிம்பைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் விட்டு, சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் கையை வையுங்கள். ஓரத்திலிருந்து மரக்குச்சியை மெதுவாகச் செலுத்தி, இடமும் வலமுமாக அசைத்துக் கொடுங்கள். நுனியைப் பிடித்து மேலே தூக்காதீர்கள். வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிஷம் தண்ணீர்.

பசை, ஜெல், அக்ரிலிக் மூன்றுக்கும் அசிட்டோன் வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அதன் ஆவி தரையோடு பரவிப் போய் எட்ட இருக்கும் நெருப்பையும் பிடிக்கும். அடுக்களையில் உட்காராதீர்கள். பூஜை விளக்கு, மெழுகுவத்தி, கொசுவத்தி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்து உட்காருங்கள். சீக்கிரம் இளகட்டும் என்று அசிட்டோனைச் சூடாக்கவே கூடாது.

முதலில் நீளத்தை நகவெட்டியால் குறையுங்கள். பிறகு மேலே பளபளக்கும் கடைசிப் பூச்சை (டாப் கோட்) முழுசாக ராவி எடுங்கள். இந்தப் படியை விட்டால் அசிட்டோன் உள்ளே இறங்காது. அரை மணி கழிந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று பிய்க்கத் தொடங்குவது இதைச் செய்யாதவர்கள்தான். நிறம் மங்கி மாவு மாதிரி ஆனதும் நிறுத்துங்கள், சொந்த நகம் வரை போக வேண்டாம்.

சுற்றியுள்ள தோலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள், நகத்தில் படாமல். நகத்தின் அளவுக்குப் பஞ்சைக் கிள்ளி, அசிட்டோனில் நனைத்து வைத்து, ஃபாயிலால் சுற்றுங்கள். ஃபாயில் இல்லாவிட்டால் அசிட்டோன் ஆவியாகிப் பஞ்சு காய்ந்துவிடும். இரண்டு கையையும் ஒரே நேரம் சுற்றிக்கொண்டு உட்காராதீர்கள், போன் அடித்தால் எடுக்கவும் கதவைத் திறக்கவும் கை வேண்டுமே. ஒரு கை முடித்து அடுத்த கை.

ஜெல்லுக்கு பத்து முதல் பதினைந்து நிமிஷம். ஒரு விரலை மட்டும் அவிழ்த்துப் பாருங்கள். ஓரம் சுருண்டு, மேலே சுருக்கம் விழுந்து, மரக்குச்சி பட்டதும் தானாக வழுக்கி வந்தால் ஆயிற்று. கொஞ்சமாவது பிடிவாதம் காட்டினால் புதுப் பஞ்சு வைத்து இன்னும் ஐந்து நிமிஷம் சுற்றுங்கள். அக்ரிலிக்குக்கு அரை மணிக்கு மேலும் ஆகலாம். இரும்புக் கருவியால் சுரண்டாதீர்கள். மரக்குச்சிக்கு வராதது இன்னும் இளகவில்லை என்று அர்த்தம்.

ஹார்ட் ஜெல் என்று ஒரு வகை உண்டு, அது அசிட்டோனில் இளகவே இளகாது. ராவித்தான் எடுக்க வேண்டும், அதை வீட்டில் செய்ய வேண்டாம். அதனால்தான் போடும் நாளிலேயே "இது ஊற வைத்து எடுப்பதா, ராவி எடுப்பதா?" என்று கேட்டுப் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து வேறு பார்லருக்குப் போனால் அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

10. கழற்றிய பிறகு

கையைக் கழுவி, துடைத்து, தாராளமாக எண்ணெய் விடுங்கள். நகம் வெளுத்து, வறண்டு, மேடுபள்ளமாகத் தெரியும். பார்க்கச் சகிக்கவில்லை என்று மறுநாளே அடுத்த செட் ஒட்டுவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தப்பு. நுனியைக் குட்டையாக வெட்டி, நான்காம் பகுதியில் சொன்ன கவனிப்பைத் தொடருங்கள்.

"நகம் மூச்சுவிடட்டும், ரெண்டு நாள் விட்டாப் போதும்" என்பார்கள். நகம் மூச்சுவிடாது. அதற்கு வேண்டியது இரத்தத்திலிருந்து வேர் வழியாக வருகிறது. இடைவெளி விடுவது, மெலிந்த பகுதி வளர்ந்து வெட்டுப்பட்டுப் போவதற்காக. அடியிலிருந்து நுனிவரை புது நகம் வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். ஒழுங்காக ஊற வைத்துக் கழற்றியவர்களுக்கு இரண்டு, மூன்று வாரம் போதும். பிய்த்தவர்கள் மெலிந்த பகுதி நுனிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நிறம் வேண்டுமானால் மருதாணி இருக்கிறது. அது நகத்தின் மேல் பூச்சாக நிற்காமல் நகத்திலேயே சாயமாக ஏறுகிறது, கழற்ற ஒன்றுமில்லை.

11. டாக்டரிடம் போக வேண்டியது எப்போது

நகத்தைச் சுற்றிச் சீழ், விண்விண் என்று வலி, விரல் வீக்கம் இருந்தால் அன்றே. பச்சை நிறம் இரண்டு வாரத்தில் மறையத் தொடங்காவிட்டால், நகம் சதையை விட்டுப் பிரிந்துகொண்டே போனால், விரல் நுனியோ இமையோ கழுத்தோ சொறிந்து வெடித்தால் அந்த வாரத்துக்குள். ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் போட்ட ஜெல்லின் பெட்டியையோ அதன் போட்டோவையோ எடுத்துப் போங்கள், எந்தப் பொருள் என்று தேட வசதி.

நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு நம் நிறத்தவர்களுக்குச் சாதாரணமாக வரும், பல விரலில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றி, அகலமாகி, கியூட்டிகிள் தோலுக்கும் கறுப்பு பரவினால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போகலாம். எங்கே போனாலும் பாலிஷ், ஜெல், ஒட்டு எதுவும் இல்லாத கையோடு போங்கள்.